கண் எழுதுதலும் கண் மினுக்குதலும்

மகளிர் கண்ணுக்கு மை தீட்டுவதை நம் முன்னோர் 'கண் எழுதுதல்' என்றனர். ஓலையில் எழுத்தாணி ஓடுவதற்கும், சுவரில் ஓவியன் தூரிகை ஓடுவதற்கும், இமையோரத்தில் மைக்கோல் ஓடுவதற்கும் தமிழில் வினைச்சொல் ஒன்றே. எழுதுதல் என்று சொன்னாலே, எழுதப்படுவதற்கு ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். பொருளற்ற எழுத்தைக் கிறுக்கல் என்கிறோம். இந்த ஒரு சொல்லாட்சியையே உரைகல்லாகக் கொண்டு, இன்று நம் இல்லங்களில் பரவியுள்ள ஓர் ஒப்பனைக் கலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலோ நடந்து சென்றால் இதன் பரப்பு விளங்கும். வளையலும் பொட்டும் விற்கும் கடைகளில் பொன், செம்பு, வெள்ளி, மயிற்பச்சை எனப் பல நிறங்களில் இமைச்சாயங்கள் சிறு பெட்டிகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே மினுமினுப்புத் துகள் குப்பிகள். முன்பு மேடைக் கலைஞர்க்கும் திரைப்பட நடிகையர்க்கும் மட்டுமே உரியதாயிருந்த உலோகப் பளபளப்பை, இன்று அலுவலகம் செல்லும் இளம்பெண் தன் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் அமர்ந்து அரைமணி நேரத்தில் வரவழைத்துக் கொள்கிறாள். இது திறனாய்வுக்குரிய பொருளா என்று சிலர் நகைக்கக்கூடும். வடமொழி நாட்டிய சாத்திரம் ஒப்பனையையும் உடையையும் 'ஆகார்யம்' என நால்வகை அபிநயங்களுள் ஒன்றாக வைத்தது. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கெனத் தனி இயலே வகுத்தார். உள்ளத்து உணர்வு உடம்பில் புலப்படுமிடங்களுள் கண்ணே தலையாயது. ஆகவே கண்ணின் ஒப்பனையும் ஆய்வுக்குரியதே.

திருவள்ளுவர் காமத்துப்பாலில் இரண்டு இடங்களில் கண் எழுதுவதைப் பேசுகிறார். காதற் சிறப்புரைத்தலில் வரும் தலைவி, காதலர் என் கண்ணினுள் இருக்கிறார். மை எழுதினால் அவர் மறைந்து போவார் என்று அஞ்சிக் கண்ணுக்கு மை எழுதாது விடுகிறாள். புணர்ச்சி விதும்பலில் வரும் தலைவியோ, மை எழுதும் நேரத்தில் அந்தக் கோலைக் கண் காண்பதில்லை. அதுபோல் அவரைக் காணும்போது அவர் குற்றம் எனக்குத் தோன்றுவதில்லை என்கிறாள். முதற்குறளில் ஒரு திறனாய்வுக் கொள்கையே அடங்கியுள்ளது. ஒப்பனை கண்ணில் உள்ளதை மறைக்கலாகாது என்பதே அது. இரண்டாவது குறளுக்குப் பின்னர் வருவோம்.

மறைக்காத ஒப்பனைக்கு நம் ஆடற்கலைகளே சான்று. பரதநாட்டிய மங்கை கண்ணின் கடைக்கோடியிலிருந்து மைக்கோட்டைப் பொட்டின் பக்கமாக நீட்டி எழுதுகிறாள். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் விழியின் அசைவு தெரிய வேண்டும் என்பதே காரணம். கதகளி நடிகர் சுண்டைச் செடியின் பூவிலிருந்து எடுத்த சிறு கருவைக் கீழிமைக்குள் இட்டு விழியின் வெண்மையைச் செம்மையாக்குவர். முகத்தின் அடர்ந்த பச்சைக்கு நடுவே அந்த விழி தனித்து நிற்கும். தெருக்கூத்துக் கலைஞரின் மரக்கட்டை அணிகளில் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கும். விளக்கொளியில் முடியும் புயமும் மின்ன, முகத்தில் கருங்கோடுகள் கண்ணைக் காட்டும். மின்னுவது அணி, பேசுவது கண் என்னும் பாகுபாட்டை அவர்கள் அறிந்திருந்தனர். கறுப்பு வெள்ளைத் திரைப்படக் காலத்தில் பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி ஆகியோரின் கண்கள் நம் நினைவில் நிற்பதற்கும் இமையோரக் கோடே பெருங்காரணம் எனலாம். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' போன்ற வண்ணப்படங்கள் வந்த பின்னரே இமையின் நிறமும் பார்வையாளர் கவனத்திற்கு வந்தது.

இனி இன்றைய உலோக ஒப்பனையின் இயல்பைக் காண்போம். உலோகப் பளபளப்பு வேறு, மினுமினுப்பு வேறு. இமைச்சாயத்தில் பெரும்பாலும் கலந்திருப்பது அப்பிரகம் என்னும் தாதுவின் மெல்லிய ஏடுகள். அவற்றின்மீது டைட்டானியம் டையாக்சைடு அல்லது இரும்பு ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். இவ்வேடுகள் இமையில் தட்டையாகப் படியும்போது ஒளியை ஒரே முகமாகத் திருப்புகின்றன. தகடு வேய்ந்ததுபோல் தோன்றுகிறது. விரல்நுனியாலோ ஈரத் தூரிகையாலோ அழுத்தி வைத்தால் பளபளப்பு மிகுவதும், தேய்த்துப் பரப்பினால் மங்குவதும் இதனால்தான். மினுமினுப்புத் துகளோ அளவிற் பெரியது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை நோக்கிக் கிடந்து, தலை அசையுந்தோறும் வெவ்வேறு புள்ளிகளில் சுடர்விடும். முன்னது நீரோட்டம், பின்னது விண்மீன் சிதறல்.

அண்மையில் கிள்ளானில் ஒரு திருமண வரவேற்பில் இவ்வகை ஒப்பனையுடன் இரு இளம்பெண்களைக் கண்டேன். இருவரும் தாமே வீட்டில் செய்துகொண்டதாகக் கூறினர். முதலாமவள் இமை மடிப்பில் பளபளப்பற்ற அடர்பழுப்பு நிறத்தை இட்டுக் கரையின்றிக் கலைத்திருந்தாள். இமையின் நடுவில் மட்டும் செம்பு நிறம். அதன் மேல், கருவிழிக்கு நேராக, விரல்நுனி அளவுக்குப் பொன் துகள். இமையோரத்தில் மைக்கோடு. அவள் நேரே நோக்கும்போது கோடும் விழியுமே தெரிந்தன. நாணிக் கண் தாழ்த்தும்போது மட்டும் பொன் மின்னி மறைந்தது. அவளுடைய பட்டுச் சேலையின் சரிகையும் அந்தச் செம்பும் ஓருறவாய் நின்றன. காஞ்சிச் சரிகை என்பதே வெள்ளி இழைக்குப் பொன்முலாம் ஏற்றியதுதானே! சங்கப் புலவர் மாந்தளிர் நிறத்தை 'மாமை' என்று போற்றினர். அந்நிறத்துக்குச் செம்பும் வெண்கலமும் இயல்பாகப் பொருந்துவதை அவள் யாரிடமும் பாடம் கேளாமலே உணர்ந்திருந்தாள்.

இரண்டாமவள் புருவம் தொடங்கிக் கீழிமைவரை வெள்ளித் துகளை அப்பியிருந்தாள். ஏதோ ஒரு படத்தில் வெண்ணிற மேனியாள் ஒருத்தி செய்ததை அப்படியே எடுத்துக் கொண்டாள் போலும். அடியில் கருநீலமோ கரும்பழுப்போ இட்டிருந்தால் அவ்வெள்ளி நிலவாகியிருக்கும். அடித்தளம் இன்மையால் சாம்பல் பூத்தாற்போல் வெளிறியது. கன்னமெல்லாம் உதிர்ந்த துகள். படமெடுப்போர் விளக்கு வெட்டியபோது அவள் கண் இருந்த இடத்தில் ஒளி மட்டுமே இருந்தது. அவள் சிரித்தாளா, சினந்தாளா என்பதே விளங்கவில்லை.

அணியிலக்கணம் கற்றோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். உயர்வு நவிற்சி அணி தமிழுக்குப் புதிதன்று. ஆனால் பாட்டின் ஒவ்வோர் அடியும் உயர்வு நவிற்சியானால் எதுவும் உயர்வாய்த் தோன்றாது. இருளின்றி மின்னல் இல்லை. மங்கலான நிறத்தின் துணையின்றி உலோகம் இல்லை. மிகையான ஒப்பனையே கூடாது என்று நான் வாதிடவில்லை. திருநாளும் திருமணமும் மேடையும் மிகைக்கு உரிய இடங்களே. மிகைக்கும் ஒரு யாப்பு வேண்டும் என்பதே என் கருத்து. கைத்தேர்ச்சி பெற்றோர் கண்ணை முதலில் முடித்து, உதிர்ந்த துகளைத் துடைத்த பின்னரே முகத்துக்கு மாவிடுகின்றனர். துகளை உலர்ந்த இமையில் தூவாது, இமைக்கென உள்ள பசையில் ஒற்றுகின்றனர். களையும்போது தேய்க்காது, எண்ணெய்ப்பசையுள்ள களிம்பில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்து எடுக்கின்றனர். இவையெல்லாம் அக்கலையின் இலக்கணம்.

இலக்கணம் பிழைத்தால் பாட்டுக்கு ஓசை கெடும். இங்கே கண்ணே கெடும். இதனை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக் கலை நிகழ்ச்சியில் எட்டு மாணவியர் மயில் நடனம் ஆடினர. இமைகளில் பச்சையும் பொன்னும் மின்ன வேண்டுமென ஆசிரியைகள் விரும்பினர். வாழ்த்து அட்டை செய்ய வாங்கிய கைவினைத் துகள் பள்ளியிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது, செலவு மிச்சம் என்று நான்தான் இசைவளித்தேன். ஆட்டத்தின் நடுவே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடே இறுதிவரை ஆடி முடித்தாள். அபிநயம் என்று எண்ணி அவையோர் கைதட்டினர். நானும் தட்டினேன். திரைக்குப் பின்னால் அவள் அழுதபோதுதான் உண்மை தெரிந்தது. கருவிழியின் மேற்படலத்தில் கீறல் என்றார் மருத்துவர். சில நாள்களில் ஆறிவிட்டது. என் நெஞ்சில் ஆறவில்லை.

கைவினைத் துகள் என்பது பிளாஸ்டிக் ஏட்டில் அலுமினியம் பூசி, சிறுசிறு அறுகோணங்களாக வெட்டப்படுவது. அதன் முனைகள் கூர்மையானவை. கண்ணருகே இடத்தக்கது மிக நுண்ணியது, அதற்கெனவே ஆக்கப்படுவது. நம் நாட்டில் ஒப்பனைப் பொருள்கள் 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டு எண் பெறவேண்டும். அவ்வெண்ணைத் தேடிப் பார்த்து வாங்குவது ஒரு நிமிட வேலையே. பழமை என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஈயக்கனிமத்தை அரைத்துச் செய்யும் சுருமா பல தலைமுறைகளாகப் புழங்கியது. குழந்தைகளின் உடலில் ஈயம் சேர அது காரணமாகும் என்று இன்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இமையில் மின்னும் அப்பிரகத்தில் ஒரு பங்கு இந்தியாவின் சார்க்கண்டு மாநிலத்துக் கொடெர்மா, கிரிடி மாவட்டங்களிலிருந்து வருவது. அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் சிறுவர் சிறுமியர் அதனைப் பொறுக்கி எடுப்பது பலமுறை வெளிவந்த செய்தி. அதனைத் தடுக்கும் பொருட்டு 2017இல் நிறுவனங்கள் கூட்டமைப்பு ஒன்றையும் ஏற்படுத்தின. பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழிக்கும் என்போன்றோர் இதனை எண்ணாமல் அந்த ஒளியை வியக்க இயலாது.

இப்பொழுது வள்ளுவரின் இரண்டாவது குறளுக்கு வருவோம். எழுதும் கோலைக் கண் காண்பதில்லை. தன்மேல் எழுதும் கையை முற்றும் நம்பியே கண் இமை மூடிக் கொடுக்கிறது. அன்று அந்தச் சிறுமியும் அவ்வாறே முகத்தை நிமிர்த்தித் தந்தாள். ஆகவே காணும் பொறுப்பு எழுதுகிறவரைச் சேர்ந்தது. எதனால் எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம், எழுதியது கண்ணைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்தே கோலை எடுக்கவேண்டும். எங்கள் பள்ளியில் இன்றும் மயில் நடனம் நடைபெறுகிறது. இமையில் பச்சைச் சாயமும் ஓரத்தில் மைக்கோடும் உண்டு. மின்னும் துகள்களைத் தலையின் கொண்டையிலும் தோகையிலும் ஒட்டுகிறோம். கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் எட்டுச் சிறுமியரின் பதினாறு கண்களும் நன்றாகத் தெரிகின்றன.