பதிவு சட்டத்தின் கையில், அங்கீகாரம் முதலாளியின் கையில்

தொழிற்சங்கங்கள் தேய்ந்துபோனதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. படித்துவிட்டு வரும் இளம் தொழிலாளிக்குச் சங்கத்தில் நாட்டமில்லை என்பது ஒன்று. சங்கம் நுழைந்தால் முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்பது மற்றொன்று. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடத்திய வேலைநிறுத்தம் இந்த இரண்டு கூற்றுகளுக்கும் உரைகல். அந்த உரசலில் இரண்டுமே நிற்கவில்லை. ஆனால் சங்கங்களின் தரப்பும் மாசில்லாமல் வெளிவரவில்லை.

2007இல் தொடங்கிய அந்த ஆலையில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவை தயாராகின்றன. ஏறத்தாழ 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். சராசரியாக மாதம் 25,000 ரூபாய் வாங்குபவர்கள், மூன்றாண்டுகளில் அது 36,000 ஆக வேண்டும் என்று கேட்டார்கள் என்றது அவர்களுக்குத் துணைநின்ற தொழிற்சங்க மையமான சிஐடியு. வட்டாரத்தின் இதே வகைத் தொழிலாளர்களைவிட 1.8 மடங்கு கூடுதலாகவே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். இரண்டு கணக்கும் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வட்டாரச் சராசரி 14,000 ரூபாயைத் தொடவில்லை என்று பொருள். தன்னை நியாயப்படுத்த நிறுவனம் எடுத்துவைத்த எண், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுவதன் மீதும் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

ஆனாலும் சண்டையின் மையம் சம்பளமாக இருக்கவில்லை. நாங்கள் அமைத்த சங்கத்தை ஏற்றுக்கொண்டு அதனோடு பேசுங்கள் என்பதே முதல் கோரிக்கை. நிர்வாகமோ ஆலைக்குள் இருக்கும் தொழிலாளர் குழுவோடு பேசினால் போதும் என்றது. அக்டோபர் 7 அன்று அந்தக் குழுவோடு உடன்பாடும் போட்டது. அதன்படி 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் இடைக்கால ஊக்கத்தொகை. தொழிலாளி வீட்டில் 5,000 ரூபாய் சிறிய தொகையல்ல. நிர்வாகம் கையை மூடிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி வேறு. பேச்சுவார்த்தை மேசையில் எதிர்ப்பக்கம் யார் உட்காருவது என்பதையும் முதலாளியே தீர்மானித்தால் அது பேச்சுவார்த்தையா? போராட்டத்தில் நின்ற பெரும்பான்மை அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. உடன்பாடு வந்த பிறகும் போராட்டம் தொடர்ந்தது ஒன்றே அதற்குச் சான்று.

இதே நிறுவனம் தன் சொந்த நாட்டில் நடந்துகொண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சங்கமே கூடாது என்பதைப் பல பத்தாண்டுகள் கொள்கையாக வைத்திருந்த குழுமம் சாம்சங். சங்கத்தைக் குலைக்கச் சதி செய்ததற்காக அதன் உயரதிகாரிகள் சிலருக்கு 2019 டிசம்பரில் கொரிய நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2020 மே மாதம் குழுமத்தின் வாரிசு லீ ஜே-யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இருக்காது என்றார். 2024 ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அந்த வேலைநிறுத்தத்துக்கு இரண்டே மாதம் கழித்து, சியோலில் கைவிட்டதாகச் சொன்ன கொள்கைக்குச் சுங்குவார்சத்திரத்தில் ஏன் உயிர் வந்தது? நிறுவனத்தின் மனமாற்றம் எல்லை தாண்டவில்லை, காரணம் சட்டத்தில் இருக்கிறது. சங்க உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளைத் தென்கொரியா 2021இல் ஏற்றது. இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

தமிழக அரசு எங்கே நின்றது? அமைச்சர்கள் பலமுறை பேசினார்கள், இறுதியில் அக்டோபர் 15 அன்று முடித்தும் வைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் போலீஸ் போராட்டப் பந்தலைப் பிரித்துத் தொழிலாளர்களைக் கைது செய்தது. தனக்கென்று தொமுச என்ற சங்கத்தையும், கூட்டணியில் இடதுசாரிகளையும் வைத்திருந்த கட்சியின் ஆட்சி அது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த சட்டத்திருத்தத்தை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தில் திரும்பப் பெற்றதும் இதே ஆட்சிதான். இந்தத் தடுமாற்றத்தின் பின்னால் இருப்பது முதலீடு போய்விடும் என்ற அச்சம். வேலையில்லாத இளைஞர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசுக்கு அந்த அச்சம் இருப்பது இயல்பே. ஆனால் அதற்கு ஆதாரம் உண்டா?

ஸ்ரீபெரும்புதூரில் மூடப்பட்ட பெரிய ஆலை நோக்கியா. 2014 நவம்பரில் அது மூடப்பட்டதற்குக் காரணம் வரித் தகராறு. அதனால் நோக்கியாவிடமிருந்து மைக்ரோசாப்ட் வாங்கிய சொத்துகளில் அந்த ஆலை சேரவில்லை. சங்கம் மூடவைத்த ஆலையல்ல அது. மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன. ஊழியர் சங்கத்தோடு நிர்வாகம் ஊதிய ஒப்பந்தங்களும் போட்டிருக்கிறது. சாம்சங் போராட்டம் முடிந்த அதே அக்டோபர் 15 அன்று ஹூண்டாயின் இந்திய நிறுவனம் சுமார் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்பனைக்குத் திறந்தது. அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு அது. சங்கம் இருக்கும் இடத்தில் முதலீடு தங்காது என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பங்குக்கு வருவோம். 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பின்னி ஆலைப் போராட்டத்துக்காக வாடியா மீது நிர்வாகம் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துவதே ஒப்பந்த மீறலுக்குத் தூண்டுதல் ஆகிவிடும் என்ற அந்த நிலையை மாற்றத்தான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அது சங்கத்துக்குப் பதிவையும் வழக்கிலிருந்து பாதுகாப்பையும் தந்தது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தரவில்லை. மகாராஷ்டிரம் 1971இல் தனிச் சட்டம் போட்டு அங்கீகாரத்துக்கு வழி செய்தது. முதல் சங்கத்தைக் கண்ட தமிழகம் அப்படியொரு சட்டம் போடவேயில்லை.

சாம்சங்கில் பதிவுகூட எளிதாகக் கிடைக்கவில்லை. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்று வரக்கூடாது என நிறுவனம் ஆட்சேபித்தது. 2024 நடுவில் கொடுத்த விண்ணப்பம், உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவானது. அடுத்த மாதமே சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட் செய்யப்பட, ஆலைக்குள் மறுபடி உள்ளிருப்புப் போராட்டம். மே மாதம் கையெழுத்தான ஊதிய உடன்பாடு, மூன்றாண்டுகளில் மாதச் சம்பளத்தை ஏறத்தாழ 18,000 ரூபாய் உயர்த்துவது. தொடக்கத்தில் கேட்டதைவிடவும் இது அதிகம். இளைஞனுக்குச் சங்கம் வேண்டாம் என்ற கூற்றுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இனி சங்கங்களின் கணக்கு. இந்த வெற்றி நிரந்தரத் தொழிலாளியின் வெற்றி. நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அதே சம்பள உயர்வு அவர்களுக்கும் என்று கேட்டு நடக்கும் பெரிய போராட்டங்கள் அரிது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோது, அந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கென்று வேரூன்றிய சங்கம் எதுவும் உள்ளே இல்லை. விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய் வரும் பெண்ணை ஆலை வாசல் கூட்டம் எட்டாது. இது தெரிந்தும் பழைய முறையைவிட்டு நகராதது சங்கங்களின் தவறு. கட்சிக்கொரு சங்கமாகப் பிரிந்து நிற்பது நிர்வாகத்துக்குத் தனக்கேற்ற ஆளைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தருகிறது. முதலாளியின் பலத்தை மட்டும் காட்டி இந்தத் தவறுகளை மறைக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்குமா? ஆலையின் வருகைப்பதிவேடான மஸ்டர் ரோலில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது அது. அங்கீகாரத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது முன்னேற்றம்தான். ஆனால் காண்ட்ராக்டர் பதிவேட்டில் இருப்பவர் ஆலையின் மஸ்டர் ரோலில் வரமாட்டார். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டால் அது முடிந்து ஏழு நாள் வரை வேலைநிறுத்தம் கூடாது. இந்த விதிகள் அன்றே இருந்திருந்தால் சாம்சங்கின் 37 நாள் போராட்டத்தைச் சட்டவிரோதம் என்று சொல்ல இடமிருந்திருக்கும். ஒரு கையால் அங்கீகாரம் கொடுத்து, அதை வென்றெடுக்கும் ஆயுதத்தை மறுகையால் பிடுங்கும் சட்டம் இது.

ஆகவே, தொழிலாளி சங்கத்தைக் கைவிடவில்லை. பேசும் கடமையை முதலாளியின் விருப்பத்துக்கு விட்ட சட்டமும், முதலீட்டு அச்சத்தில் நடுநிலை தவறிய அரசும் சங்கத்தைத் தேயவிட்டன. வாசலுக்கு வெளியே நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியையும் விடுதிப் பெண்ணையும் சேர்க்காத சங்கங்கள் அந்தத் தேய்வுக்குத் துணைபோயின. முதல் இருவர் மீதான குற்றம் பெரிது, மூன்றாவது சிறிதல்ல. ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெறும் சங்கத்தோடு நிர்வாகம் குறித்த காலத்துக்குள் பேச வேண்டும், அந்த வாக்கெடுப்பில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வாக்கு வேண்டும். இவ்விரண்டையும் தமிழக அரசு சட்டமாக்க வேண்டும்.