குவியும் உதடு

எங்கள் மங்கலம்பேட்டையிலிருந்து பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போனவர்களும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. இரு தரப்பாரின் போனிலும் நான் கேட்ட ஒரு ராக் பாட்டு, 'மரியான்' (2013) படத்து 'நெஞ்சே எழு'. இசையமைத்த ஏ.ஆர்.ரகுமானே பாடியது, வரிகளில் கவிஞர் குட்டி ரேவதியின் கை உண்டு.

தலைப்பை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நெஞ்சே' ஏகாரத்தில் நீண்டு கெஞ்சுகிறது. 'எழு' இரண்டே குறில். ட்ரம்ஸில் குச்சி இரண்டு தரம் விழுந்தாற்போல. கடைசி உகரமோ குற்றியலுகரம் அல்ல. உதடு முழுதாகக் குவிந்தால்தான் வரும். மென்று விழுங்க முடியாது.

யாரை எழச் சொல்கிறது பாட்டு? தன்னைத்தான். பொருள் தேடிப் பாலைவழி போன சங்கப் பாடல் தலைவன் தன் நெஞ்சோடுதான் வழக்காடினான். குறளில் தலைவி அப்படிப் பேச 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. படத்தின் நாயகன் மரியானும் பொருளுக்காகச் சூடான் போய், கடத்தப்பட்டு, மணலில் தவித்தவன். எலெக்ட்ரிக் கிட்டார்தான் புதிது, துறை பழையது. 'நெஞ்சே' என்று கூடப் பாடுகிற எவருக்கும் அது தன் நெஞ்சாகிவிடுகிறது.

சூரியன் சுடுவதைச் சொல்லும் இடம் ஒன்று வரும். குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த பக்கத்து வீட்டு மாமு அங்கே கண்ணை மூடிக்கொண்டார். கட்டட வேலை, எந்த நண்பகல் நினைவுக்கு வந்ததோ. பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் அக்காவுக்கு அதே சொல் சூளையாகிறது. "சுட்டாத்தான் தம்பி மண்ணு நிக்கும்" என்றார். ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தை அன்றாடம் அருகிருந்து அறிந்தவர் அவர்.

அவர் பட்டறையில் களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, சுவரோரம் மட்டும் மண் படியும். மிச்சத்தைக் கவிழ்த்தால் உள்ளே வெற்றிடம். பொம்மைக்கு எடையில்லாமல் உருவம் வருவது அப்படித்தான். துயரம் இன்னதென்று பெயர் சொல்லாத இந்தப் பாட்டைக் கேட்கையில் அந்த வெற்றிடம்தான் என் நினைவுக்கு வருகிறது.

ரகுமானின் குரலையும் சொல்லியாக வேண்டும். மேலே ஏறும்போது அது லேசாக நலிகிறது. முழங்கும் தொண்டை ஒன்று பாடியிருந்தால் வெறும் ஆணையாகியிருக்கும். இங்கே பாடுகிறவரே எழ முயல்வது கேட்கிறது. அந்த நலிவு எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும்.

மாமு திரும்பிப் போன விடியலில் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டினார். கண்ணாடிக்கு அப்பால் சத்தமில்லாமல் அவர் உதடு விரிந்து, குவிந்தது.