வேவு பார்ப்பது யார்?

தமிழ்ப் புனைவில் ஒற்றன் என்றால் ராஜாவின் ஆள். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றனான ஆழ்வார்க்கடியான் நம்பியை நினைத்துப் பாருங்கள். அவன் தந்திரம் வாசகருக்குக் கொண்டாட்டம். மாட்டிக்கொண்டாலும் அவனுக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. அங்கே ரகசியம் ஒரு விளையாட்டு.

திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம் ஒற்றனுக்கு மூன்று தகுதிகளைச் சொல்கிறது: சந்தேகம் வராத தோற்றம், முறைத்தாலும் அஞ்சாத கண், எது நடந்தாலும் உள்ளதைக் கக்காத வாய். ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடும் தலித்துக்கும் இந்த மூன்றும் வேண்டியிருக்கிறது!

நெய்வேலி நகரியத்தையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த ஊர். வட்டத்துக்கும் எண், வீட்டுக்கும் எண். கிராமத்தில் தெருவே சாதியைச் சொல்லிவிடும், எண் சொல்லாது. அதனால் அக்கம்பக்கத்து விசாரணை ஆரம்பிக்கிறது. "நீங்க எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" கேட்பதற்கு நலம் விசாரிப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் இது வேவு. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தக் கேள்விகளை எந்த ஆணை நீக்கும்?

இந்த வேவைப் பதிவு செய்தது தலித் எழுத்துதான். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு கூட்டம் வந்து நின்றதை அவரே எழுதியிருக்கிறார். 1963-இல் வெளிவந்த பாபுராவ் பாகுலின் மராத்திக் கதையில் சாதியை மறைத்த ரயில்வே தொழிலாளி, தெரிந்ததும் அடிபடுகிறான். பொய்ப்பெயர், பின்தொடரும் கண், அகப்படும் பயம் எல்லாமே இவற்றில் உண்டு. ஆனாலும் விமர்சகர்கள் இவற்றை உளவு இலக்கியத்தில் சேர்ப்பதில்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) இந்த ஆட்டத்தைக் கலைக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இறங்குமிடத்தை விசாரிக்கிறாள். சேரி என்று தெரிந்ததும் எழுந்து போகிறாள். வேற சாதின்னு சொல்லிடு என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள். பாமா பொய் சொல்ல மறுக்கிறார். இதை வைத்துக்கொண்டு, மறைத்து வாழ்பவர்களைக் கோழைகள் என்று நாம் ஏச வேண்டியதில்லை. வீடும் வேலையும் உயிரும் பணயமாக இருக்கும்போது மறைப்பது தற்காப்பு.

தன்வரலாறு எழுதும் தலித் தன் ரகசியத்தை உடைக்கிறார் என்று புகழ்கிறார்கள். அதில் உடைவது கேட்டவர்களின் ரகசியம். "இங்கல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் காத்துவந்த ரகசியம் அது.