நகைப்பவரும் நகைக்கப்படுவோரும்: ஜேன் ஆஸ்டின் புதினங்களில் அங்கதமும் மகளிர் நிலையும்

அங்கதம் இருவகைப்படும் எனத் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்துரைத்தார். பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். பழியை மொழியினுள் மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். இப்பாகுபாடு செய்யுளை நோக்கி எழுந்ததேனும், பிறமொழி உரைநடை இலக்கியத்தை ஆராய்வார்க்கும் நல்லதோர் அளவுகோலாகும். ஆங்கிலப் புதின ஆசிரியருள் இரண்டாம் வகையில் தலைசிறந்து விளங்குபவர் ஜேன் ஆஸ்டின் (1775–1817). அவர் எழுத்தில் பழி கரந்து நிற்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், கரந்து நிற்கும் அப்பழி யாரைச் சாரும்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆஸ்டினைப் பற்றித் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து நிலவி வந்தது. நாட்டுப்புறக் குடும்பங்கள் மூன்று நான்கினைக் கொண்டு, அவற்றிடையே காணும் பேதைமையை மெல்ல நகையாடியவர் அவர் என்பதே அக்கருத்து. அவர் படைத்த உலகம் வேலியிட்ட தோட்டம் போன்றது. ஆங்குப் பரந்த வெளியில்லை என்னும் கருத்துப்பட ஷார்லட் பிரான்டி 1848-இல் கடிதம் எழுதினார். 1940-இல் டி. டபிள்யூ. ஹார்டிங் எழுதிய கட்டுரை இந்நோக்கினை மாற்றியது. எத்தகைய மக்களை ஆஸ்டின் வெறுத்தாரோ, அத்தகையோரே அவர் நூலைப் படித்து மகிழ்கின்றனர் என்று ஹார்டிங் சுட்டினார். அவர் காட்டிய வழியிற் சென்று, மேலும் ஒன்று கூற இடமுண்டு. ஆஸ்டினின் அங்கதம் முதலில் நம்மை நகைக்கச் செய்கிறது. பின்னர், நகைத்ததற்காக நம்மை நாணச் செய்கிறது. நகைக்கப்படுவோர் பெரும்பாலும் பொருளற்ற பெண்டிர். நகைப்போர் அச்சமின்றி வாழும் நிலையினர். கரந்து நிற்கும் பழி இப்பின்னவரையே சாரும். 'செருக்கும் தப்பெண்ணமும்' எனத் தமிழிற் சுட்டத்தக்க 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813), 'எம்மா' (1815) ஆகிய இரு புதினங்களைக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

சட்டமும் சொத்தும்

முதற்கண் அக்காலச் சட்டநிலையை அறிதல் வேண்டும். பெருநிலம் சிதறாமல் ஒரே குடியில் நிற்றற்பொருட்டு, அஃது ஆண்வழியினர்க்கே செல்லும் என வரையறுத்து வைக்கும் வழக்கம் ஆங்கில நாட்டில் இருந்தது. மணமான பெண்ணுக்குச் சட்டத்தின்முன் தனியுரிமை பெரிதும் இல்லை. தனி ஏற்பாடு ஒன்றும் செய்யப்படாவிடின், அவளுடைய பணமும் பிற அசையும் பொருளும் கணவனுக்கே உரியவாயின. இந்நிலை 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே மாறத் தொடங்கியது. பல்கலைக்கழகமும் வழக்குமன்றமும் திருச்சபைப் பதவியும் பெண்ணுக்கு அடைக்கப்பட்டிருந்தன. நற்குடியிற் பிறந்து கல்வியும் பெற்ற, ஆயின் பொருளில்லாத பெண்ணின்முன் திறந்திருந்த வழிகள் மிகச் சில: திருமணம் புரிதல், பிறர் வீட்டில் ஆசிரியையாக ஊழியம் செய்தல், உடன்பிறந்தாரின் கையை எதிர்நோக்கி வாழ்தல்.

'செருக்கும் தப்பெண்ணமும்' இச்சட்டத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. திருவாளர் பென்னட்டின் லாங்போர்ன் நிலத்தின் ஆண்டு வருவாய் 2,000 பவுன். அவருக்கு மகளிர் ஐவர்; மகன் இல்லை. ஆகவே, அவர் இறந்த அன்றே நிலமும் வீடும் காலின்ஸ் என்னும் பாதிரியாரைச் சேரும். தாய்க்கும் மக்கட்கும் உறுதியாக உள்ள தொகை 5,000 பவுனே. எலிசபெத்தை மணக்க விழையும் காலின்ஸ், தாயின் மறைவுக்குப் பின் அவள் பெறக்கூடியது 1,000 பவுன் என்றும், அது நான்கு விழுக்காட்டு வட்டி தருவது என்றும் அவளிடமே கணக்கிட்டுக் கூறுகிறார். ஆண்டுக்கு 40 பவுன் என்பது இதன் பொருள். நாம் காலின்ஸின் பேதைமையை எண்ணி நகைக்கிறோம். அவர் கூறிய கணக்கு பிழையற்றது என்பதை மறந்துவிடுகிறோம்.

தாயும் தந்தையும்

இப்புதினத்தில் பெரிதும் நகைப்புக்கு இலக்காகுபவர் திருமதி பென்னட். அறிவிற் குறைந்தவர், அடக்கமின்றிப் பேசுபவர், சொத்துச் சட்டத்தை மூத்த மகளிர் இருவரும் பலமுறை விளக்கியும் உணராதவர். நகை தோன்றும் நிலைக்களன் நான்கெனத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் பேதைமையும் மடனும் இவர்பால் நிறைந்துள்ளன. எள்ளல் என்னும் நிலைக்களனோ அவர் கணவர்பால் உளது. திருவாளர் பென்னட் கூர்த்த மதியினர். தம் நூலகத்தில் அமர்ந்து, மனைவியை எள்ளியே பொழுது போக்குபவர். படிப்போர் அனைவரும் அவர் பக்கமே நிற்கின்றனர்.

ஆயின், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்குக. வரவிருக்கும் இடரை உணர்ந்து அஞ்சுபவர் அறிவிலியாகிய தாய். அறிவுடைய தந்தையோ அதற்கென ஒரு பவுனும் சேர்த்து வைத்தாரல்லர். மகன் பிறப்பான், அவனைக்கொண்டு நிலவுரிமைக் கட்டினை அவிழ்த்துவிடலாம் என்று முதலில் வாளா இருந்தார். ஐந்து மகளிர் பிறந்தபின், சேமிக்கும் காலம் கடந்துவிட்டது என்று வாளா இருந்தார். இளைய மகள் லிடியாவைப் படையினர் நிறைந்த பிரைட்டன் நகருக்கு அனுப்பலாகாது என எலிசபெத் தடுத்துக் கூறியபோதும், அவளை விடாவிட்டால் வீட்டில் அமைதி இராது எனக் கருதி இசைந்தார். விளைவு, லிடியா விக்கம் என்பவனோடு ஓடிப்போதல். காலின்ஸை மணக்காவிடின் தாய் உன் முகத்தில் விழியாள், மணந்தால் நான் விழியேன் என்னும் கருத்துப்பட அவர் மகளிடம் கூறிய நகைச்சுவை பெரும்புகழ் பெற்றது. தீர்ப்பு நேரியதே. எனினும், அம்மறுப்பின் விலையைத் தரப்போகிறவர் அவரல்லர். அவர் இறந்தபின் வாழ வேண்டிய மனைவியும் மகளிருமே அதனைத் தர வேண்டும். பெற்ற மக்கள் முன்னிலையில் மனைவியை இகழ்ச்சிக்கு ஆளாக்கும் தந்தையின் செயல் தகாதது என்பதை எலிசபெத்தும் உணர்ந்திருந்தாள் என ஆசிரியரே கூறுகிறார். நகைப்பு ஈண்டு அறிவின் அடையாளமாக நில்லாது, கடமையினின்று ஒதுங்கி நிற்பதற்குரிய மறைவிடமாகி விடுகிறது.

சார்லட் லூகாஸின் முடிவு

எலிசபெத் மறுத்த காலின்ஸை, சில நாட்களுக்குள் அவள் தோழி சார்லட் லூகாஸ் ஏற்றுக்கொள்கிறாள். சார்லட்டுக்கு அகவை 27. அழகும் இல்லை, செல்வமும் இல்லை. காலின்ஸின் இயல்பு பற்றி அவளுக்கு மயக்கம் ஏதுமில்லை. வறுமையினின்று தப்புதற்கு மணம் ஒன்றே மதிப்புடைய வழி என அவள் தெளிந்து செயற்படுகிறாள். செய்தி கேட்ட அவள் குடும்பத்தாரை ஆசிரியர் விடுவதாயில்லை. தமக்கை மணமாகாமல் தம் கையை எதிர்நோக்கி நிற்பாளோ என்ற அச்சம் நீங்கியதென உடன்பிறந்த ஆடவர் மகிழ்கின்றனர். திருவாளர் பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிர் வாழ்வார் எனத் தாய் கணக்கிடத் தொடங்குகிறாள். இங்கு அங்கதம் சார்லட்டைத் தொடாமல் அவளைச் சூழ நின்றோர் மீதே பாய்வது கருதத்தக்கது.

எலிசபெத்தோ தோழியை மன்னிக்க இயலாது தவிக்கிறாள். தந்தையின் நிலத்தைப் பெறாத அம்மகள் அவர்பால் பெற்ற உடைமை இந்நகைப்பும் எள்ளலுமே. பின்னர், அழகிய விக்கம் தன்னை விடுத்து 10,000 பவுன் பெற்ற பெண்ணொருத்தியை நாடியபோது, அச்செயல் இயல்பானதென அவள் எளிதில் அமைதி காண்கிறாள். பொருள் நாடி மணத்தலில் முன்னறிவு எங்கே முடிகிறது, பேராசை எங்கே தொடங்குகிறது என்று தன் மாமியிடம் வினவவும் செய்கிறாள். ஆடவன் செய்தது முன்னறிவு. தோழி செய்தது இழிவு! எலிசபெத்தின் தப்பெண்ணம் டார்சியைப் பற்றியது மட்டுமன்று. சார்லட்டைப் பற்றியதும் ஆகும். ஹன்ஸ்போர்டில் தோழியின் இல்லத்தைக் காணுங்கால் அவள் எள்ளல் தணிகிறது. கணவர் தோட்ட வேலையில் ஈடுபடச் சார்லட் ஊக்குகிறாள்; அவர் அடிக்கடி வாராதவாறு, வீட்டின் பின்புறத்து அறையைத் தன் இருப்பிடமாகத் தேர்ந்துள்ளாள். அவ்வறை நகைப்புக்கும் இரக்கத்துக்கும் நடுவே நிற்கிறது. அதனைக் கண்டு முழுதும் நகைக்க நம்மால் இயலவில்லை.

பாக்ஸ் ஹில் நிகழ்ச்சி

'செருக்கும் தப்பெண்ணமும்' நூலில் குறிப்பாக நின்ற இக்கருத்து 'எம்மா'வில் வெளிப்படையாகிறது. எம்மா 30,000 பவுனுக்கு உரியவள். மணம் புரிய வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. பொருளுடைய பெண் மணமின்றி வாழ்ந்தாலும் மதிக்கப்படுவாள், வறியவளே நகைப்புக்கு உரியவள் என அவளே கூறுவதுண்டு. அவ்வூரில் முன்பு பாதிரியாராயிருந்தவரின் மகள் செல்வி பேட்ஸ். மணமாகாதவர், கைம்பெண்ணாகிய தாயோடு சிறு வருவாயில் வாழ்பவர், ஓயாது பேசுபவர். அவர் பேச்சினைப் பக்கம் பக்கமாக எழுதி, நம்மையும் சலிப்புறச் செய்கிறார் ஆசிரியர். பாக்ஸ் ஹில் குன்றின்மேல் விருந்துண்ணச் சென்ற இடத்தில், எம்மா அவர் பேச்சினைப் பலர் முன்னிலையில் எள்ளுகிறாள். நாமும் உடன் நகைக்கிறோம். சற்று நேரத்தில் நைட்லி எம்மாவைக் கடிந்து கூறும் சொற்கள் நம்மையும் சுடுகின்றன. அவர் உன்னை ஒத்த செல்வராயின் இந்நகைப்பைப் பொறுக்கலாம். அவரோ வறியவர், முன்னைய நிலையினின்று தாழ்ந்தவர், இனியும் தாழக்கூடியவர் என்பதே அவர் கூற்றின் சாரம். சலிப்பூட்டுதல் குற்றமாயினும், அதற்கு ஒறுப்பு வழங்கும் உரிமை எம்மாவுக்கு அவள் செல்வத்தாலேயே வந்தது. அவள் அழுகிறாள், மறுநாட் காலையில் தானே அவ்வீடு தேடிச் செல்கிறாள்.

செல்வி பேட்ஸின் நிலை ஆசிரியர்க்கு அயலானதன்று. ஆஸ்டினும் பாதிரியாரின் மகள், மணமாகாதவர். 1805-இல் தந்தை இறந்தபின், தாயும் தமக்கை கசாண்ட்ராவும் அவரும் உடன்பிறந்த ஆடவர் அளித்த பொருளுதவியை நம்பி வாழ்ந்தனர். 1809-இல் சாட்டன் சிற்றூரில் அவர்கள் குடிபுகுந்த வீடும், செல்வர் குடிக்குத் தத்துச் சென்ற தமையன் எட்வர்ட் அளித்ததே. 'செருக்கும் தப்பெண்ணமும்' நூலின் உரிமையை அவர் 110 பவுனுக்கு விற்றார். எனவே, வறிய கன்னியை நகைக்கும் கூட்டத்தாருள் ஒருவராக ஆஸ்டினைக் கருதுதல் பொருந்தாது. தாமே எந்நேரமும் நகைக்கப்படக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு, நகைப்பின் இயல்பை ஆராய்ந்தவர் அவர்.

ஒரு மறுப்பு

இப்புதினங்கள் செல்வரை மணப்பதில் இனிது முடிகின்றனவே. ஆகவே, இவை சமுதாய அமைப்பினை ஏற்றுக்கொள்கின்றன அல்லவா எனச் சிலர் வினவுவர். இம்மறுப்பில் உண்மை உண்டு. மேரி உல்ஸ்டன்கிராப்ட் 1792-இல் பெண்ணுரிமை குறித்து எழுதிய நூல்போல, ஆஸ்டின் எங்கும் மாற்றம் வேண்டி வாதிடவில்லை. அவர் புதினங்களில் ஏவலர் ஓசையின்றி வந்து போகின்றனர். அவர்தம் உழைப்பு பேசப்படுவதில்லை. எனினும், எலிசபெத்தின் மணத்தால் சட்டம் மாறிவிடவில்லை என்பதை நோக்குதல் வேண்டும். லாங்போர்ன் இல்லம் காலின்ஸுக்கே செல்லும். தாய் அஞ்சியது நிகழ்ந்தே தீரும். ஆண்டுக்கு 10,000 பவுன் வருவாயுடைய டார்சி போன்றார் கிட்டியது ஒருத்தியின் நல்லூழ். சார்லட்டின் வாழ்வே அக்கால வழக்கம். இன்பியல் முடிவு நம் கவலையை ஆற்றுகிறது. ஆயின், கவலைக்குரிய காரணத்தை அகற்றிவிட்டதாக அது கூறவில்லை.

இங்கிலாந்தில் அத்தகைய நிலவுரிமைக் கட்டுகளைப் புதிதாக ஏற்படுத்துதல் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுற்றது. சட்டம் மறைந்தும் நூல் மறையவில்லை. அதற்குக் காரணம் யாது? பழிகரப்பு அங்கதத்தில் கரந்து நிற்கும் பழி, இறுதியில் படிப்போரிடம் வந்து சேர்கிறது. யார் பாதுகாப்பாக நின்று நகைக்கின்றனர், அந்நகைப்பின் விலையை யார் தருகின்றனர் என்னும் வினாவை ஆஸ்டின் எழுப்பினார். அங்கத இலக்கியம் எதனைப் படிப்பினும், எம்மொழியிற் படிப்பினும், இவ்வினாவை உடன்கொண்டு செல்லுதல் ஆராய்வார் கடனாகும்.