மாஸ்க் பொருத்தும் விரல்கள்

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு, மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை எழுதிக்கொடுப்பது டாக்டர்தான். ஆனால் அதோடு நிம்மதியாகத் தூங்குவது, மாஸ்க் பொருத்திவிடும் டெக்னீஷியனின் கைப்பக்குவத்தையும் பொறுத்தது. மூக்கை அளந்து, மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பை மெல்ல வைத்து, பட்டைகளைத் தளர்வாகவே மாட்டுகிறார். காற்று வந்ததும் அந்த மெல்லிய விளிம்பு பூரி போல உப்பித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது.

பிறகு படுக்கச் சொல்கிறார். படுத்தால் கன்னம் சரியும், ஓரத்தில் ‘உஸ்’ என்று காற்று கசியும். நாமாக இருந்தால் பட்டையை இழுத்து இறுக்கியிருப்போம். அவரோ மாஸ்க்கைச் சற்றே தூக்கி, மறுபடி உட்காரவைக்கிறார், சத்தம் நின்றுவிடுகிறது. கண்ணோரம் வீசும் மிச்சக் காற்றை விரல்நுனியால் தேடிப் பிடிக்கிறாரே, அந்தப் பொறுமைக்கே தனிக் கூலி கொடுக்கலாம். கிளம்பும்போது, காற்றை ஈரப்படுத்தும் தொட்டியைக் காட்டி, “தொட்டியில டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊத்துங்க சார், தினமும் மாத்திடுங்க” என்கிறார்.