கல்லும் படையலும்: நடுகல் பாடல்களும் வஞ்சிக் காண்டமும் காட்டும் வழிபாட்டு வேட்கை

மனிதர் கல்லை நட்டு வணங்கியமைக்கு ஆய்வுலகில் பெரிதும் கூறப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று இறந்தோர் பற்றிய அச்சம். மற்றொன்று வீரனுக்குச் சமூகம் செலுத்தும் நன்றிக்கடன். இரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் கல்லின்முன் நிற்பவர் என்ன செய்கிறார், என்ன எண்ணுகிறார் எனச் சங்கப் பாடல்களை நோக்கிக் கேட்டால், அச்சமும் நன்றியும் விளக்காத ஒரு பகுதி எஞ்சுகிறது.

அதியமானின் நடுகல்லைப் பாடும் ஔவையாரின் பாடலை (புறம். 232) எடுத்துக்கொள்ளலாம். கல்லுக்குப் பீலி சூட்டப்படுகிறது. சிறு கலத்தில் கள் வார்க்கப்படுகிறது. மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் ஏற்காதவன் இதனை ஏற்பானோ என்பது புலவரின் வினா. படையல் இடும் செயலும் அது சென்றடையாது என்னும் ஐயமும் ஒரே பாடலில் நிற்பது கருதத்தக்கது. கல் உண்ணும் என்ற எளிய நம்பிக்கை இங்கு இல்லை. உயிரோடு இருந்தவனுக்குக் கொடுத்தும் அவனிடமிருந்து பெற்றும் பழகிய உறவு அவன் இறப்பால் அறுபட மறுக்கிறது. அந்த உறவுக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. கல் அவ்விடமாகிறது. வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழன் கல்லான பின்னும் தனக்கு இடம் தந்ததாகப் பொத்தியார் பாடுவதும் (புறம். 223) இத்தகையதே. போரும் அச்சமும் தொடர்பற்ற அப்பாடலில் இருப்பது நட்பு மட்டுமே.

புறநானூற்று 306ஆம் பாடலில் கல்லைத் தவறாது தொழும் பெண் விருந்தினர் வரவை வேண்டுகிறாள் என்பது உண்மை. வேண்டுதல் வழிபாட்டின் ஒரு கூறு என்பதை எவரும் மறுக்க இயலாது. எனினும் அவள் கேட்பதும் மேலும் கொடுப்பதற்கான வாய்ப்பையே என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இந்த உறவில் கொடுப்போர் நீங்கினால் தெய்வமும் நீங்கிவிடும் என்பதைச் சங்கப் புலவர்கள் தயக்கமின்றிக் கூறியுள்ளனர். புறநானூறு 52இல், பாழ்பட்ட ஊரில் கந்தத்தைக் கடவுள் கைவிடுகிறது. முதியோர் சூதாடிய குழியில் கானக்கோழி முட்டையிடுகிறது. அகநானூறு 167இல், சுவரில் எழுதப்பட்ட கடவுள் போய்விடுகிறது. பலி மறந்த திண்ணை மெழுகப்படாமல் கிடக்கிறது. தூணும் சுவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தெய்வத்தை அங்கு நிறுத்தி வைத்திருந்தது அன்றாடப் படையலும் மெழுகலுமே எனில், வழிபடும் பொருளைக் காட்டிலும் வழிபடும் கையே முதன்மை பெறுகிறது. உருவ வழிபாட்டைப் பேதைமை என இகழ்வோரும், உருவிலேயே தெய்வம் நிலையாக உறைகிறது என்போரும் இவ்விரு பாடல்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியாயின் உரு எதற்கு? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களில் எழுத்து உண்டு. வீரனின் உருவம் இல்லை. அவற்றுள் ஒன்று ஆகோளைக் குறிப்பிடுகிறது. பெயர் பொறித்துக் கல் நட்டதைக் கூறும் புறநானூறு 264 இதனோடு ஒத்துச் செல்கிறது. தொல்காப்பியம் வெட்சியில் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறனுள்ளும் உருச் செதுக்குதல் எனத் தனித் துறை இல்லை. பல்லவர் காலச் செங்கம் நடுகற்களில்தான் வில்லேந்திய வீரன் பெருவழக்காகப் புடைப்புருவம் பெறுகிறான். எடுத்தனூர்க் கல்லில் அவனருகே கோவிவன் என்னும் நாயும் நிற்கிறது. முதலில் வேண்டப்பட்டவை பெயரும் இடமுமே. முகம் பின்னர் வந்தது. ஒத்த உருவைக் காணும் ஆசையே வழிபாட்டின் தோற்றுவாய் என்னும் கருத்து இச்சான்றுகளின்முன் வலுவிழக்கிறது.

இம்மாற்றத்தின் அரசியலை வெளிப்படையாகப் பதிவு செய்யும் நூல் சிலப்பதிகாரம். குன்றக்குரவையில் குறவர்கள் வேங்கை நிழலில் கண்ட பெண்ணைக் கல்லோ படிமமோ இன்றியே தெய்வமாகக் கொண்டு பறை முழக்கிப் பூச்சொரிகின்றனர். வழிபாடு அங்கேயே தொடங்கிவிட்டது. பத்தினியை வழிபடுதல் வேண்டும் என்னும் கருத்து சேரன் தேவியின் வாய்மொழியாக அரண்மனைக்குள் நுழைந்த பின்னரே, எந்த மலையின் கல் என்னும் வினா எழுகிறது. பொதியிலில் கல்கொண்டு காவிரியில் நீராட்டுவது தன் மறக்குடிக்குச் சிறப்பன்று எனக் கருதும் செங்குட்டுவன் இமயத்தைத் தேர்கிறான். கனகரும் விசயரும் அக்கல்லைத் தலையில் சுமக்கின்றனர். கல்லைத் தேடும் வினையில் கண்ணகியின் துயர் பின்னுக்குச் சென்று, வேந்தனின் வெற்றி முன்னுக்கு வருகிறது என்பதே வஞ்சிக் காண்டத்தை வாசிக்கையில் ஏற்படும் நெருடல். நூல் அதனை மறைக்கவில்லை என்பது அதன் பெருமை.

வாழ்த்துக் காதையில் தேவந்தியும் செவிலியும் அடித்தோழியும் வந்து அரற்றும்போது நூலின் குரல் மாறுகிறது. அவர்கள் அழைப்பது பத்தினிக் கடவுளையன்று, தோழியையும் மகளையும். ஔவையாரும் பொத்தியாரும் நின்ற இடத்தில் இப்பெண்கள் நிற்கின்றனர். வேந்தனுக்குக் கல் அடையாளம்; இவர்களுக்கு அது பேசுதற்கு எஞ்சிய முகம். கோயிலை எழுப்பிய செங்குட்டுவன், நாள்தோறும் பூவும் புகையும் இட்டுப் பூசை செய்யும் பணியைத் தேவந்தியிடமே ஒப்படைக்கிறான்.