புலி டாங்கியும் புத்தகச் சான்றும்

போர் டாங்கியை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்போர் உண்டு. நீங்களே ஒருமுறை செய்ய உட்கார்ந்து பாருங்கள்; அரை வரலாற்றாசிரியராகி விடுவீர்கள். எந்தப் புத்தகத்தை நம்புவது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிடும்.

நான் ஏமாந்த கதை இது. மாணவனாக இருந்தபோது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு படப் புத்தகத்தில் ஜெர்மானியரின் டைகர் டாங்கியைக் கண்டேன். 'துனீசியா, 1943' என்பது படக்குறிப்பு. டாங்கியின் உடலெங்கும் வரி வரியாக ஒரு பூச்சு. அது ஜிம்மெரிட், காந்தக் கண்ணிவெடிகள் இரும்பில் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட களிம்பு. இரண்டு வாரம் உட்கார்ந்து என் டாங்கியிலும் அந்த வரிகளைக் கீறினேன். துனீசியாவிலிருந்த ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் 1943 மே மாதமே சரணடைந்துவிட்டன. ஜிம்மெரிட் பூசத் தொடங்கியதோ அவ்வாண்டின் பிற்பகுதியில். அப்படியானால் அந்தப் படம் துனீசியாவில் எடுத்ததாக எப்படி இருக்க முடியும்?

ஒரு புத்தகத்தின் தவறான குறிப்பை அடுத்த புத்தகம் அப்படியே எடுத்தாள்கிறது. பத்துப் புத்தகங்கள் ஒன்றையே சொன்னால் நாம் பத்துச் சான்றுகள் என்று எண்ணுகிறோம். உண்மையில் இருப்பது ஒரே சான்றுதான்.

இவ்வகையில் நான் மதிப்பது தாமஸ் ஜென்ட்ஸ், ஹிலாரி டாயில் இருவரும் டைகர் டாங்கியின் வடிவமைப்பு, உற்பத்தி, மாற்றங்கள் பற்றி எழுதிய நூல். ஆலைக் குறிப்புகள், படைத்துறை ஆவணங்கள், எஞ்சியுள்ள வண்டிகளின் அளவுகள் ஆகியவற்றிலிருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். எந்த மாதத்தில் எந்த உறுப்பு மாறியது என்பதே அவர்கள் கவலை. படிக்கச் சுவையாக இருக்குமா என்றால், இராது. இரயில்வே கால அட்டவணையைப் படிப்பது போலத்தான். ஆனால் சந்தேகம் வரும்போது கை அதைத்தான் தேடிப் போகிறது.

டைகருக்கு இரண்டு வகைச் சங்கிலிப் பட்டைகள் இருந்தன: போருக்கு 725 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, இரயில் வண்டியில் ஏற்றிச் செல்ல 520 மில்லிமீட்டரில் மற்றொன்று. நம் அளவில் இவை சுமார் 21, 15 மில்லிமீட்டர். இரயிலில் நிற்கும் டைகரின் படத்தைப் பார்த்துவிட்டுப் போர்க்களக் காட்சி அமைத்தால், உங்கள் டாங்கி ஒல்லிக் காலோடு நிற்கும்! இதை விளக்காமல் படத்தை மட்டும் போடும் புத்தகம் பாதி வேலைதான் செய்கிறது.

புகைப்படத்தையே அளவுகோலாகக் கொள்ளலாமே என்பீர்கள். சாலைச் சக்கரத்தின் விட்டம் 800 மில்லிமீட்டர் என்று தெரிந்தால் மற்றவற்றை விகிதத்தால் கணிக்கலாம்தான். ஆனால் இரண்டும் காமிராவுக்கு நேர்க்குத்தான ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சாய்வான படத்தில் அருகிலுள்ள சக்கரம் பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் விழுமல்லவா?

நிறம் இன்னும் மோசம். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பொளியை உணர்வதில்லை; சிவப்பு கறுப்பாகிவிடும், மஞ்சளும் இருண்டு தோன்றும். இதனால்தான் சில பழைய படங்களில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் கரிய வளையமாகத் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தை உறுதியாக எழுதும் ஆசிரியரிடம், எந்த பிலிம் என்று கேட்கத் தோன்றுகிறது.

வீரசாகசப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு சொல். எந்தத் தளபதி எத்தனை டாங்கிகளை வீழ்த்தினார் என்று எண்ணுகிறார்கள். அந்த டாங்கிகளுக்குள் எரிந்துபோனவர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஜென்ட்ஸ்-டாயில் நூலிலும் மனிதர்கள் குறைவுதான். ஆனால் அது இயந்திரத்தைப் பற்றிய நூல் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது.

1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷார் கைப்பற்றிய 131 எண் டைகர் இங்கிலாந்தின் பாவிங்டன் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடலில் ஜிம்மெரிட் இல்லை. என் டாங்கியில் இருக்கிறது. விடுமுறையில் சுரண்டியெடுக்க வேண்டும்.